லினக்ஸில் வெளி மானிட்டரை இணைத்ததும் விண்டோ அளவு தாறுமாறாகப் போனால்

லேப்டாப் திரையில் ஒழுங்காக இருக்கும் விண்டோவை வெளி மானிட்டருக்கு இழுத்தால் எல்லாம் பெரிதாகி, ஓகே பட்டன் திரைக்குக் கீழே போய் மறைந்துவிடுகிறது. சிலருக்கு நேர்மாறாக, எழுத்து படிக்க முடியாத அளவுக்குச் சுருங்கிவிடும். மேக்ஸிமைஸ் செய்தால் அடிப்பகுதி பேனலுக்குள், அதாவது மெனுவும் கடிகாரமும் இருக்கும் பட்டைக்குள், புகுந்துகொள்ளும், டிவியில் இணைத்தால் ஓரங்கள் வெட்டுப்படும், மானிட்டர் தூங்கி எழுந்தால் எல்லா விண்டோவும் லேப்டாப் திரைக்கு ஓடிவந்து சுருங்கிக் கிடக்கும். பார்க்க எல்லாம் ஒரே கோளாறு மாதிரி இருந்தாலும் இவை பிறக்கும் இடங்கள் வேறு வேறு. மானிட்டருக்குப் போகும் சிக்னல், ஸ்கேலிங் (எழுத்தையும் பட்டனையும் எத்தனை மடங்கு பெரிதாக வரைவது என்ற அளவு), மானிட்டர்களை அடுக்கியிருக்கும் விதம், கடைசியாக அந்தந்த ஆப். எங்கே பிரச்சினை என்று பார்க்காமல் கண்ணில் பட்ட கமாண்டையெல்லாம் டெர்மினலில் ஒட்டிக்கொண்டே போனால் ஒரு ஸ்கேலிங் மேல் இன்னொரு ஸ்கேலிங் ஏறி, எதை எடுத்தால் எது சரியாகும் என்றே தெரியாமல் போய்விடும். அதனால் நான் கீழே சொல்லும் வரிசையிலேயே பாருங்கள். ஸ்கேலிங்கைத் தொடுவதற்கு முன் ரெசல்யூஷன் (திரையின் பிக்சல் எண்ணிக்கை) சரியா என்று பார்க்க வேண்டும், ஆப்பைத் திட்டுவதற்கு முன் ஸ்கேலிங் சரியா என்று பார்க்க வேண்டும்.

முதலில் கைக்கு எட்டாத விண்டோவைப் பிடியுங்கள்

டைட்டில் பார் திரைக்கு மேலே போய்விட்டால் மவுஸால் பிடிக்க இடமே இருக்காது. அதற்கு விண்டோவின் உடம்பில் எங்கே வேண்டுமானாலும் பிடித்து இழுக்கலாம். க்னோம், கேடிஇ பிளாஸ்மா, சினமன், எக்ஸ்எஃப்சிஇ எல்லாம் லினக்ஸில் திரையை நடத்தும் டெஸ்க்டாப்கள், உங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். க்னோமிலும் கேடிஇ பிளாஸ்மாவிலும் சூப்பர் கீயை, அதாவது விண்டோஸ் லோகோ போட்ட கீயை, அழுத்திக்கொண்டு இடது பட்டனால் இழுங்கள். சினமனிலும் எக்ஸ்எஃப்சிஇயிலும் அதே வேலைக்கு ஆல்ட் கீ. அளவை மாற்ற கேடிஇயில் சூப்பருடன் வலது பட்டன், க்னோமில் சூப்பருடன் நடு பட்டன்.

மவுஸே வேண்டாம் என்றால் க்னோம், சினமன், எக்ஸ்எஃப்சிஇ மூன்றிலும் ஆல்ட்+எஃப்7 அழுத்தினால் விண்டோ நகரும் நிலைக்கு வரும், ஆல்ட்+எஃப்8 அழுத்தினால் அளவு மாறும் நிலைக்கு வரும், அப்புறம் அம்புக்குறி கீகளால் வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்து என்டர் தட்டுங்கள். லேப்டாப்பில் எஃப் வரிசைக்கு எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். கேடிஇயில் ஆல்ட்+எஃப்3 அழுத்தினால் விண்டோ மெனு வரும், நகர்த்துவதும் அளவு மாற்றுவதும் அதற்குள் இருக்கின்றன. விண்டோவை அப்படியே அடுத்த மானிட்டருக்குத் தள்ள க்னோம், கேடிஇ, சினமன் மூன்றிலும் சூப்பர்+ஷிஃப்ட்+அம்புக்குறி போதும்.

க்னோமில் ஒரு சின்னத் தொல்லை உண்டு. சேமிக்கவா வேண்டாமா என்று கேட்கும் டயலாக் பெட்டிகள் தாய் விண்டோவோடு ஒட்டிக்கொண்டு வரும், தனியாக நகராது. ட்வீக்ஸ் ஆப்பில் விண்டோஸ் பகுதிக்குப் போய் அட்டாச் மோடல் டயலாக்ஸ் என்பதை அணைத்துவிடுங்கள். சின்னத் திரைக்காரர்களுக்கு இந்த ஒன்றே பாதி நிம்மதி.

எக்ஸ் 11 ஆ, வேலேண்டா?

லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் அடித்தள அமைப்புகள் இரண்டு, பழையது எக்ஸ் 11, புதியது வேலேண்ட். உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ளாமல் மேலே போகாதீர்கள், ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. க்னோமில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட், சிஸ்டம் டீட்டெயில்ஸ் என்று போனால் விண்டோயிங் சிஸ்டம் என்ற வரியில் இருக்கும். கேடிஇயில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் அபௌட் திஸ் சிஸ்டம் பக்கத்தில் கிராஃபிக்ஸ் பிளாட்ஃபார்ம் என்று போட்டிருக்கும்.

எக்ஸ் 11 எத்தனை மானிட்டர் இருந்தாலும் ஒரே பெரிய பாயை விரித்துப் போட்டு, மானிட்டர்கள் எல்லாம் அந்தப் பாயின் துண்டுகள் என்று நினைத்துக்கொள்ளும். ஆப்களுக்குச் சொல்லப்படும் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற எண்) அந்தப் பாய் முழுவதற்கும் ஒன்றுதான், வழக்கமாக 96. லேப்டாப் திரைக்கு ஒரு ஸ்கேல், மானிட்டருக்கு வேறு ஸ்கேல் என்று ஆப்களிடம் சொல்ல அதில் ஒழுங்கான வழி இல்லை. வேலேண்டில் ஒவ்வொரு மானிட்டருக்கும் தனி ஸ்கேல் உண்டு, விண்டோ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஆப்புக்குத் தகவல் போகும், ஆப் தன்னைத் திரும்ப வரைந்துகொள்ளும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று புரியும். 14 அங்குல லேப்டாப்பில் 2880×1800 திரை என்றால் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 243 பிக்சல். பக்கத்தில் இருக்கும் 24 அங்குல 1920×1080 மானிட்டரில் ஓர் அங்குலத்துக்கு 92 பிக்சல்தான். 100 பிக்சல் அகலப் பட்டன் முதலாவதில் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் இருக்கும், இரண்டாவதில் 2.8 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விண்டோவின் உயரம் 1200 பிக்சல் என்றால் லேப்டாப்பில் கீழே இடம் மிச்சமிருக்கும், மானிட்டரிலோ மொத்த உயரமே 1080 தான், ஓகே பட்டன் எப்படித் தெரியும்? இது ஆப்பின் தப்பும் இல்லை, மானிட்டரின் தப்பும் இல்லை.

அதனால் உங்கள் இரண்டு திரைகளின் அடர்த்தியும் இப்படி மலையும் மடுவுமாக இருந்தால், என் முடிவான கருத்து வேலேண்டுக்கு மாறுங்கள் என்பதுதான். உபுண்டுவில் 21.04 முதல் அதுதான் இயல்பு (என்விடியா கார்டு உள்ளவர்களுக்குப் பிறகுதான் வந்தது), பிளாஸ்மாவில் 2024 பிப்ரவரியில் வந்த 6ஆம் பதிப்பு முதல் இயல்பு. எக்ஸ் 11 இல் இருந்தால், லாக் அவுட் செய்து, க்னோம் லாகின் திரையில் பெயரைத் தேர்ந்த பிறகு கீழ் மூலையில் தெரியும் பற்சக்கரத்தை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். லினக்ஸ் மின்ட்டின் சினமனில் வேலேண்ட் 21.3 பதிப்பில் சோதனை நிலையில் வந்தது, எக்ஸ்எஃப்சிஇயில் 4.20 இல் சோதனை நிலையில் வந்தது. தினப்படி வேலைக்கு அவற்றை இன்னும் நான் பரிந்துரைக்க மாட்டேன், அவர்களுக்கு வேறு வழி கீழே இருக்கிறது.

ரெசல்யூஷன் அதன் சொந்த அளவில் இருக்கிறதா?

எழுத்து சின்னதாக இருக்கிறது என்று ரெசல்யூஷனைக் குறைப்பவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எல்சிடி திரையில் பிக்சல்கள் நிலையாகப் பதிக்கப்பட்டவை, 3840×2160 திரைக்கு வேறு ரெசல்யூஷன் கொடுத்தால் மானிட்டரே படத்தை இழுத்து நிரப்பும், எழுத்து மங்கும். தமிழ் எழுத்தில் இது ஆங்கிலத்தைவிடக் கூடுதலாகத் தெரியும், ண-வும் ன-வும் சுழிகள் கலந்து ஒன்றுபோலத் தோன்றும், நாள் முழுக்கப் படித்தால் கண் வலிக்கும். ரெசல்யூஷன் எப்போதும் திரையின் சொந்த அளவில் இருக்கட்டும், பெரிதாக்குவதற்கு ஸ்கேலிங் இருக்கிறது.

சொந்த ரெசல்யூஷன் பட்டியலிலேயே வரவில்லை, 1024×768 மட்டும் காட்டுகிறது என்றால் அது பெரும்பாலும் ஈடிஐடி பிரச்சினை. மானிட்டர் தன் அளவு என்ன, எந்த ரெசல்யூஷன்கள் தாங்கும் என்பதையெல்லாம் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சின்னத் தகவல் தொகுப்புதான் ஈடிஐடி. மலிவான விஜிஏ கன்வெர்ட்டர், கேவிஎம் சுவிட்ச் (இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரே மானிட்டரை மாற்றிக்கொடுக்கும் பெட்டி), பழைய கேபிள் ஏதாவது ஒன்று நடுவில் நின்று அதை மறித்தால் லினக்ஸுக்கு மானிட்டர் யாரென்றே தெரியாது, பத்திரமான பழைய அளவைப் போட்டுவிடும். கேபிளை மாற்றிப் பாருங்கள், நடுவில் இருக்கும் பெட்டியை எடுத்துவிட்டு நேரடியாக இணைத்துப் பாருங்கள். சாஃப்ட்வேரில் ஒரு மணி நேரம் தேடுவதற்கு முன் இரண்டு நிமிடம் இதற்குக் கொடுங்கள்.

4கே, அதாவது 3840×2160, மானிட்டரில் 30 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 30 படம்) மட்டும் வருகிறது, விண்டோ இழுக்கும்போது திக்கித் திணறுகிறது என்றால் எங்கோ எச்டிஎம்ஐ 1.4 மாட்டியிருக்கிறது. அது 4கேயை 30 ஹெர்ட்ஸுக்கு மேல் கொண்டுபோகாது. எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருந்தால் 60 வரும். லேப்டாப், டாக் (லேப்டாப்பையும் மானிட்டரையும் இணைக்கும் நடுப்பெட்டி), கேபிள், மானிட்டர் நான்கிலும் இருக்க வேண்டும், ஒன்று பழையதானாலும் எல்லாம் பழையதுதான்.

டிவியை மானிட்டராகப் பயன்படுத்துபவர்களுக்குத் தனிக் கதை. பேனல் பாதி வெட்டுப்படுகிறது, விண்டோ மூலையில் இருக்கும் மூடும் பட்டன் காணவில்லை என்றால் அது ஓவர்ஸ்கேன். பழைய ஒளிபரப்புக் காலத்தில் ஓரங்களை மறைக்க டிவிகள் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டின, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இதை டிவியில்தான் சரிசெய்ய வேண்டும், லினக்ஸில் இல்லை. டிவி ரிமோட்டில் படத்தின் அளவு மெனுவுக்குப் போய் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், ஃபுல் பிக்சல் என்பது போன்ற பெயரில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். சில டிவிகளில் அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரைப் பிசி என்று மாற்றினாலே சரியாகிவிடும். டிவியில் எந்த வழியும் இல்லாதபோது மட்டும் கேடிஇயின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இருக்கும் ஓவர்ஸ்கேன் அளவைக் கூட்டிப் பாருங்கள்.

வகுப்பிலோ கூட்டத்திலோ புரொஜெக்டர் மாட்டியதும் லேப்டாப்பின் விண்டோக்களும் சேர்ந்து சுருங்கினால் மிரர் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு திரையும் ஒரே படத்தைக் காட்ட வேண்டுமென்றால் இரண்டுக்கும் பொதுவான ரெசல்யூஷனுக்கு இறங்கியாக வேண்டும். சூப்பர்+பி அழுத்தி, நீட்டிப்பு முறைக்கு மாற்றிவிட்டு, காட்ட வேண்டிய விண்டோவை மட்டும் புரொஜெக்டருக்குத் தள்ளுங்கள்.

ஸ்கேலிங் எவ்வளவு வைப்பது?

பல பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 100, 125, 150, 200 என்று காட்டுகிறது, எதைத் தொடுவது? பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மானிட்டரிலும் ஒரே எழுத்து ஏறத்தாழ ஒரே அளவில் தெரிய வேண்டும் என்பதை மட்டும் இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். 24 அங்குல 1080க்கு 100 சதவீதம். 27 அங்குல 1440க்கும் 100 போதும், அது அங்குலத்துக்கு 109 பிக்சல்தான். 27 அங்குல 4கேயில் 163 பிக்சல் வருகிறது, அதற்கு 150. அப்போது வேலை செய்ய 2560×1440க்குச் சமமான இடம் கிடைக்கும். 200 வைத்தால் இடம் 1920×1080 ஆகச் சுருங்கும், 4கே வாங்கியதன் பலன் எழுத்தின் கூர்மையில் மட்டும் தெரியும், இடத்தில் தெரியாது. முன்பு சொன்ன 14 அங்குல 2880×1800 லேப்டாப்புக்கு 200. பழைய 1366×768 லேப்டாப்பில் எக்காரணம் கொண்டும் 125 வைக்காதீர்கள். இடம் 1093×614 ஆகிவிடும், பல செட்டிங்ஸ் விண்டோக்கள் அந்த உயரத்தில் அடங்கவே அடங்காது. அதில் எழுத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

உபுண்டுவில் செட்டிங்ஸ், டிஸ்ப்ளேஸ் பக்கத்தில் ஃப்ராக்ஷனல் ஸ்கேலிங் என்ற சுவிட்சைப் போட்டால் 125, 150 எல்லாம் தெரியும். அந்தச் சுவிட்சும் இல்லை, 100, 200 மட்டும்தான் தெரிகிறது என்றால் டிகான்ஃப் எடிட்டர் ஆப்பை நிறுவி, ஆர்க், க்னோம், மட்டர் என்று உள்ளே போய், எக்ஸ்பெரிமென்டல் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஸ்கேல் மானிட்டர் ஃப்ரேம்பஃபர் என்பதைச் சேருங்கள். எக்ஸ்வேலேண்ட் நேட்டிவ் ஸ்கேலிங் என்று இன்னொன்று க்னோம் 47 முதல் உண்டு, அது எதற்கு என்று அடுத்துச் சொல்கிறேன். கேடிஇயில் இந்தத் தொல்லையே இல்லை, டிஸ்ப்ளே பக்கத்தில் ஒவ்வொரு மானிட்டருக்கும் ஒரு ஸ்லைடர் நேரடியாக இருக்கிறது. வெளி மானிட்டர்களோடு தினமும் மல்லுக்கட்டுபவர் என்றால் பிளாஸ்மாவைத்தான் நான் சொல்வேன்.

சரி, எக்ஸ் 11 இல் இருந்தே தீர வேண்டியவர்கள் என்ன செய்வது? சினமனில் மின்ட் 20 முதல் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மானிட்டர் வாரியாக ஸ்கேல் உண்டு. உள்ளுக்குள் அது செய்வது ஒரு தந்திரம்: முழு டெஸ்க்டாப்பையும் 200 சதவீதத்தில் பெரிதாக வரைந்து, அடர்த்தி குறைந்த மானிட்டருக்கு அனுப்பும்போது மட்டும் படத்தைச் சுருக்குவது. எக்ஸ்எஃப்சிஇயில் இதையே கையால் செய்யலாம். அப்பியரன்ஸ் செட்டிங்ஸில் விண்டோ ஸ்கேலிங்கை 2 ஆக்குங்கள். அப்புறம் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் வெளி மானிட்டருக்கு மட்டும் ஸ்கேலை மாற்றுங்கள். அங்கே எந்த எண் பெரிதாக்கும், எந்த எண் சுருக்கும் என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது, அதனால் ஒன்றைப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள், பிடிக்கவில்லையென்றால் சில வினாடிகளில் தானாகப் பழையபடி திரும்பிவிடும்.

டெர்மினல் பழக்கம் இருப்பவர்கள் எக்ஸ்ரேண்டர் கமாண்டிலேயே (எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்று ஆறு எழுத்து) அவுட்புட் பெயரைக் கொடுத்து, ஸ்கேல் ஆப்ஷனில் 2 பெருக்கல் 2 என்று போடலாம். 1080 மானிட்டர் அப்போது பாயில் 3840×2160 இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் அதன் இருப்பிடத்தையும் பொசிஷன் ஆப்ஷனில் புதிதாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் லேப்டாப் திரையின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். மவுஸ் மானிட்டரின் கால்வாசியைத் தாண்டவில்லை என்றால் பேனிங் ஆப்ஷனும் தேவை. கிராஃபிக்ஸ் சிப்புக்கு வேலை கூடும், எழுத்தில் லேசான மங்கல் இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். இரண்டு திரைகளின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றால் இந்தத் தந்திரமே வேண்டாம், ஸ்கேலை 100 இல் விட்டுவிட்டு ஃபான்ட் ஸ்கேலை மட்டும் 1.15 அல்லது 1.25 ஆக்குங்கள். மங்கல் கொஞ்சமும் இருக்காது, எல்லாம் கூர்மையாக இருக்கும்.

எல்லாம் சரி, ஒரு ஆப் மட்டும் அடம்பிடிக்கிறது

வேலேண்டுக்கு வந்த பிறகும் ஒரே ஒரு ஆப் மங்கலாகவோ மிகச் சின்னதாகவோ தெரிந்தால், அது இன்னும் எக்ஸ் 11 ஆப்பாக இருந்து, எக்ஸ்வேலேண்ட் என்ற இடைப்பாலம் வழியாக வேலேண்டில் ஓடுகிறது. கண்டுபிடிக்க எளிய வழி எக்ஸ்ஐஸ் என்ற பழைய கண் புரோகிராம். அதை ஓட்டிவிட்டு சந்தேகப்படும் ஆப்பின் மேல் மவுஸை நகர்த்துங்கள். கண்கள் மவுஸைத் தொடர்ந்தால் அது எக்ஸ் ஆப், கண்கள் அசையாமல் நின்றால் அது வேலேண்ட் ஆப்.

ஃபயர்ஃபாக்ஸ் 121ஆம் பதிப்பு முதல் தானாகவே வேலேண்டில் ஓடுகிறது, பழையது என்றால் புதுப்பியுங்கள். பழைய க்ரோமில் ஃப்ளாக்ஸ் பக்கத்தில் ப்ரெஃபர்ட் ஓஸோன் பிளாட்ஃபார்ம் என்று தேடி ஆட்டோ வையுங்கள். எலக்ட்ரானில் (க்ரோமின் உட்பகுதியை வைத்து ஆப் செய்யும் கருவி) செய்த பழைய ஆப்களுக்கும் ஓஸோன் பிளாட்ஃபார்ம் ஹின்ட் என்ற அதே வகை ஆப்ஷனை ஆட்டோ என்று கொடுத்துத் தொடங்கலாம். மாற்றவே முடியாத எக்ஸ் ஆப்களுக்கு கேடிஇயின் டிஸ்ப்ளே பக்கத்தில் லெகசி அப்ளிகேஷன்ஸ் என்ற தேர்வு இருக்கிறது. ஆப்பே தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளட்டும் என்று வைத்தால் கூர்மை வரும், ஆனால் ஸ்கேலிங் தெரியாத பழைய ஆப் சின்னதாகவே இருக்கும். சிஸ்டம் பெரிதாக்கட்டும் என்று வைத்தால் அளவு சரியாக இருக்கும், மங்கல் வரும். க்னோமில் மேலே சொன்ன எக்ஸ்வேலேண்ட் நேட்டிவ் ஸ்கேலிங் முதல் வழியைத் திறந்துவிடுகிறது.

ஜாவா ஆப்கள் தனி ரகம். ஜாவா 8 இல் ஓடுபவற்றுக்கு ஸ்கேலிங் தெரியாது, 9 முதல்தான் லினக்ஸில் பெரிய திரை ஆதரவு வந்தது. முடிந்தால் புது ஜாவாவில் ஓட்டுங்கள். கிம்ப் 2.10 இன் ஐகான்கள் 4கேயில் கண்ணுக்கே தெரியாமல் இருப்பதற்கும் காரணம் அது ஜிடிகே 2 என்ற பழைய கட்டமைப்பில் இருப்பதுதான், 2025இல் வந்த 3.0 இல் அது தீர்ந்துவிட்டது.

இதைச் செய்வதற்கு முன் இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள். முன்பு எப்போதோ எழுதி வைத்த ஸ்கேலிங் வேரியபிள்கள் எங்காவது மிச்சமிருக்கின்றனவா? ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் ப்ரொஃபைல், எக்ஸ்ப்ரொஃபைல், பாஷ்ஆர்சி, எக்ஸ்ரிசோர்சஸ் கோப்புகளையும், ஈடிசி ஃபோல்டரில் இருக்கும் என்விரான்மென்ட் கோப்பையும் திறந்து, ஜிடிகே ஸ்கேல், க்யூடி ஸ்கேல் ஃபேக்டர், எக்ஸ்எஃப்டி டிபிஐ என்பது போன்ற வரிகள் இருந்தால் முன்னால் ஹாஷ் போட்டு (எக்ஸ்ரிசோர்சஸில் மட்டும் ஆச்சரியக்குறி போட்டு) முடக்குங்கள், லாக் அவுட் செய்து வாருங்கள். எக்ஸ் 11 காலத்தில் தேவைப்பட்ட அந்த வரிகள் வேலேண்டில் இருந்தால் டெஸ்க்டாப் ஒரு முறை பெரிதாக்கும், ஆப் இன்னொரு முறை பெரிதாக்கும். விண்டோ நான்கு மடங்காகத் தெரிவதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம்.

ஆப் சரியாகத் தெரிகிறது, ஆனால் திறக்கும்போதெல்லாம் தப்பான அளவில் திறக்கிறது என்றால் அது வேறு விஷயம். கேடிஇயில் டைட்டில் பாரில் வலது கிளிக் செய்து, கூடுதல் செயல்களில் ஸ்பெஷல் விண்டோ செட்டிங்ஸ் எடுத்து, அந்த ஆப்புக்கு என்று ஓர் அளவையும் மானிட்டரையும் நிரந்தரமாக விதித்துவிடலாம், மிக அருமையான வசதி. க்னோமில் விண்டோ தானாகவே மேக்ஸிமைஸ் ஆகித் திறந்தால், திரை அளவை நெருங்கும் விண்டோவை முழுதாக்கிவிடும் ஆட்டோ மேக்ஸிமைஸ் என்ற பழக்கம்தான் காரணம். பெரிய திரையில் இருந்து சின்னத் திரைக்கு வரும்போது இது அடிக்கடி நடக்கும். டிகான்ஃப் எடிட்டரில் அதே மட்டர் பக்கத்தில் அணைத்துவிடுங்கள். ஒரு ஆப் எந்த மானிட்டரில் மூடப்பட்டதோ அங்கேயே திரும்பத் திறக்க வேண்டும் என்று வேலேண்டில் எதிர்பார்க்காதீர்கள். மொத்த டெஸ்க்டாப்பில் தான் எங்கே இருக்கிறோம் என்று வேலேண்ட் ஆப்புக்குச் சொல்வதில்லை, இடத்தை முடிவு செய்வது டெஸ்க்டாப்தான்.

மானிட்டர்களை எப்படி அடுக்கியிருக்கிறீர்கள்?

டிஸ்ப்ளே செட்டிங்ஸில் தெரியும் அந்தப் பெட்டிகளை மேசையில் இருப்பது போலவே இழுத்து வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். உயரம் வேறுபடும்போது எந்த விளிம்பு ஒட்டுகிறது என்பதும் முக்கியம் என்பது பலருக்குத் தெரியாது. 1440 உயர மானிட்டருக்குப் பக்கத்தில் 1080 உயர லேப்டாப் திரையை வைத்தால் 360 பிக்சல் உயரத்துக்கு யாருக்கும் சொந்தமில்லாத இடம் பாயில் மிச்சமாகும். எக்ஸ் 11 இல் சில ஆப்கள் தங்கள் டயலாக்கை அங்கே கொண்டுபோய் வைக்கும், ஆப் உறைந்துவிட்டது என்று நினைத்து நாம் மூடிவிடுவோம்.

பேனலும் இதில் சம்பந்தப்பட்டது. எக்ஸ் 11 இல் பேனல் தனக்கு இடம் ஒதுக்கும்போது அளப்பது மானிட்டரின் விளிம்பிலிருந்து அல்ல, மொத்தப் பாயின் விளிம்பிலிருந்து. பேனல் கீழே இருக்கிறதென்றால் இரண்டு பெட்டிகளின் கீழ் விளிம்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி அடுக்குங்கள், மேலே இருந்தால் மேல் விளிம்பை ஒட்டுங்கள். இரண்டு மானிட்டர்களும் சந்திக்கும் உள் விளிம்பில் செங்குத்தாகப் பேனல் வைத்திருப்பவர்களுக்கும் மேக்ஸிமைஸ் செய்த விண்டோ பேனலுக்கு அடியில் போகும். அங்கே ஒதுக்க முயன்றால் பக்கத்து மானிட்டரையே முழுதாக ஒதுக்க வேண்டிவரும். பேனலை வெளி விளிம்புக்கு மாற்றுவதுதான் நேர்வழி.

திறந்த விண்டோ எங்கேயும் தெரியவே இல்லை என்றால் டிஸ்ப்ளே பக்கத்தில் எத்தனை மானிட்டர் காட்டுகிறது என்று எண்ணுங்கள். கண்ணெதிரே இருப்பதைவிட ஒன்று கூடுதலாக இருந்தால், இல்லாத ஒரு மானிட்டரில் உங்கள் விண்டோ திறந்திருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து முடக்குங்கள்.

தூங்கி எழுந்ததும் எல்லாம் கலைந்துபோனால்

டிஸ்ப்ளேபோர்ட்டில் இணைத்த சில மானிட்டர்கள் தூங்கப் போகும்போது கேபிளைப் பிடுங்கியது போலவே கம்ப்யூட்டருக்குத் தோன்றும். டெஸ்க்டாப் உடனே எல்லா விண்டோவையும் மிச்சமிருக்கும் திரைக்கு நகர்த்தி அதற்கேற்பச் சுருக்கிவிடும், மானிட்டர் விழித்த பிறகு பல நேரம் பழைய அளவு திரும்பாது. மானிட்டரின் சொந்த மெனுவில், அதாவது அதன் உடம்பில் இருக்கும் பட்டனை அழுத்தினால் வரும் மெனுவில், டீப் ஸ்லீப் என்றோ அதையொட்டிய பெயரிலோ ஒரு ஆப்ஷன் இருக்கும். அதை அணையுங்கள். மானிட்டரிலும் லேப்டாப்பிலும் எச்டிஎம்ஐ இருந்தால் அதில் மாற்றி இணைத்துப் பார்ப்பதும் பலன் தரும்.

எவ்வளவு சரிசெய்தாலும் பழைய அமைப்புக்கே திரும்பிப் போகிறது என்றால் சேமித்து வைத்த கோப்பு கெட்டிருக்கலாம். க்னோமில் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரில் மானிட்டர்ஸ் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு, சினமனில் அதே இடத்தில் சினமன் மானிட்டர்ஸ், பிளாஸ்மா 6 வேலேண்டில் அங்கேயே கேவின் அவுட்புட் கான்ஃபிக் என்ற ஜேசன் கோப்பு. அழிக்காதீர்கள், பெயரை மாற்றி வையுங்கள், லாக் அவுட் செய்து வந்து புதிதாக அமையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு தீரவில்லையென்றால் உதவி கேளுங்கள், அப்படிக் கேட்கும்போது விவரத்தோடு கேளுங்கள், அப்போதுதான் பதில் சொல்பவர் இருட்டில் துழாவ வேண்டியிருக்காது. எந்த டிஸ்ட்ரோ (உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் தொகுப்பு), எந்தப் பதிப்பு, எந்த டெஸ்க்டாப், எக்ஸ் 11 ஆ வேலேண்டா, எந்த கிராஃபிக்ஸ் கார்டு, இரண்டு திரைகளின் அங்குலமும் ரெசல்யூஷனும் ஸ்கேலும், எந்தக் கேபிள், நடுவில் டாக் உண்டா, ஒரு ஆப்பில் மட்டுமா எல்லாவற்றிலுமா. பழுது எக்ஸ்வேலேண்ட் ஆப்பில் மட்டும் வருகிறது என்று எக்ஸ்ஐஸ் வைத்துப் பார்த்ததையும் சேர்த்து எழுதினால் பாதி வேலை முடிந்தது. க்னோம், கேடிஇ இரண்டுக்கும் பழுதுகளைப் பதிய வெளிப்படையான தளங்கள் இருக்கின்றன, உங்களுடையதைப் போன்ற மானிட்டர் ஜோடி அதைச் சரிசெய்யும் புரோகிராமரிடம் இல்லாமல் இருக்கலாம், நீங்கள் எழுதும் அந்தச் சில வரிகளை வைத்துத்தான் அவர் தேட முடியும்.